கல்லீரலுக்குத் தெரிந்தது கிராம் கணக்கு மட்டுமே

குடிப்பவர்கள் பெக், ரவுண்டு, பாட்டில் என்று கணக்குச் சொல்வார்கள். கல்லீரலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. உள்ளே வந்த எத்தனால், அதாவது மதுவில் இருக்கும் ஆல்கஹால், எத்தனை கிராம், எத்தனை ஆண்டுகளாக வருகிறது, நடுவில் ஓய்வு கிடைத்ததா என்பவைதான் அதற்குப் பொருட்டு. பீர் என்பதற்காகச் சலுகை கிடையாது. விலை உயர்ந்த விஸ்கி என்பதற்காக மரியாதையும் கிடையாது.

கிராமைக் கண்டுபிடிப்பது எளிது. குடித்த அளவை மில்லியில் எடுத்து, பாட்டிலில் போட்டிருக்கும் ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, வருவதை 0.79 ஆல் பெருக்க வேண்டும். எத்தனால் தண்ணீரைவிட லேசானது என்பதால்தான் அந்த 0.79. 40 சதவீத மதுவில் 60 மில்லி என்றால் சுமார் 19 கிராம். 5 சதவீத பீர் 500 மில்லி என்றால் சுமார் 20 கிராம். அதே பீர் 8 சதவீத ஸ்ட்ராங் வகையானால் 32 கிராம் ஆகிவிடும். 12 சதவீத வைன் 150 மில்லியில் 14 கிராம். ஆக, "நான் பீர் மட்டும்தான்" என்று மாலையில் இரண்டு ஸ்ட்ராங் பீர் குடிப்பவர், மூன்று லார்ஜ் விஸ்கி குடிப்பவரைவிடச் சற்று அதிகமாகவே எத்தனாலை உள்ளே தள்ளுகிறார்.

"ஒரு நாளைக்கு ஒரு டிரிங்க்" என்று எங்காவது படித்தால், எந்த நாட்டு டிரிங்க் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் அது 14 கிராம், பிரிட்டனின் ஒரு யூனிட் 8 கிராம், உலக சுகாதார நிறுவனம் பொதுவாக எடுத்துக்கொள்வது 10 கிராம். வீட்டில் கையளவாக ஊற்றும் ஒரு கிளாஸ் இந்த மூன்றுக்குள்ளும் அடங்குவது அரிது.

வெளியேறும் வேகமோ மிகக் குறைவு. சராசரி உடல் ஒன்று மணிக்கு 7 முதல் 10 கிராம் எத்தனாலைத்தான் எரிக்கும். 40 சதவீத மதுவில் 180 மில்லி குடித்தால் உள்ளே போவது 57 கிராம். அதை முடிக்க 6 முதல் 8 மணி நேரம் ஆகும். காபி குடித்தாலும் குளிர்ந்த நீரில் குளித்தாலும் வாந்தி எடுத்தாலும், ஏற்கெனவே ரத்தத்தில் கலந்தது வேகமாகப் போய்விடாது. எத்தனாலைச் சிதைக்கும் நொதி மிகக் குறைந்த அளவு ஆல்கஹாலிலேயே தன் முழு வேகத்தை எட்டிவிடும். அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் சுழல் கதவின் முன்னால் கூட்டம் சேர்வதுபோல வரிசைதான் நீளும்.

முதலில் அடி வாங்குவது ஏன் கல்லீரல்

குடித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலும், மீதி சிறுகுடலிலும் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும். அதனால் போதை மெதுவாக ஏறும். ஆனால் மொத்தக் கிராம் பெரிதாகக் குறைவதில்லை. குடலிலிருந்து புறப்படும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியில் வருவதுதான். சிறுநீர், மூச்சு, வியர்வை வழியே போகும் சிறு பகுதி தவிர, 90 சதவீதத்துக்கு மேல் எத்தனாலைச் சிதைக்கும் பொறுப்பு இந்த ஓர் உறுப்பின் தலையில்தான் விழுகிறது.

சிதைப்பு இரண்டு படிகளில் நடக்கிறது. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் அதை அசிட்டேட்டாக மாற்றுகிறது. நடுவில் வரும் அசிட்டால்டிஹைடுதான் வில்லன். அது செல்லின் புரதங்களோடும் மரபணுப் பொருளோடும் ஒட்டிக்கொண்டு அவற்றின் வடிவத்தைக் கெடுக்கிறது. கெட்டுப்போன புரதத்தை உடலின் எதிர்ப்பு அமைப்பு அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்க ஆரம்பிக்கிறது. கிழக்காசிய மக்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாவது நொதி பிறவியிலேயே பலவீனம். ஒரு கிளாஸ் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். சிலர் அதை வெறும் ஒவ்வாமை என்று எண்ணி, மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்து குடிக்கிறார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இதைவிட நேரான வழி குறைவு.

இரண்டு படிகளிலும் என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் செலவாகி, என்.ஏ.டி.ஹெச். ஆக மாறிக் குவிகிறது. பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த மாற்றத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. கொழுப்பை எரிக்க என்.ஏ.டி. வேண்டும். அது இல்லாததால் எரிப்பு நின்று, கொழுப்பு செல்லுக்குள் தேங்குகிறது. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையும் தடைபடுகிறது. சாப்பிடாமல் இரவெல்லாம் குடித்தவர் காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பதன் காரணம் இதுவே. இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை எடுப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. போதையில் கிடக்கிறார் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். லாக்டிக் அமிலமும் இதனாலேயே கூடுகிறது. அது யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுப்பதால், கவுட் என்ற மூட்டு நோய் இருப்பவருக்கு மறுநாள் கால் பெருவிரல் வீங்குகிறது.

தொடர்ந்து குடிப்பவரிடம் இன்னொரு பாதையும் திறக்கிறது. சி.ஒய்.பி.2இ1 என்ற நொதியை மையமாகக் கொண்ட இந்தப் பாதையை 1968-ல் சார்லஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் விவரித்தார்கள். குடிக்கக் குடிக்க இந்த நொதி பெருகும். "எனக்கு எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது" என்ற பெருமைக்கு, மூளை பழகிப்போனது ஒரு காரணம், இந்த நொதி இன்னொரு காரணம். அதை உடல் வலுவின் அடையாளமாக எடுத்துக்கொள்வதைப் போன்ற தப்புக்கணக்கு வேறில்லை. இந்தப் பாதை ஓடும்போது செல்லை அரிக்கும் ஆக்சிஜன் துகள்கள் வெளிவருகின்றன. அவற்றை அடக்கும் குளூட்டாதயோன் கையிருப்பும் கரைந்துகொண்டே போகிறது.

பாராசிட்டமால் விவகாரம் இங்கேதான் வருகிறது. அந்த மாத்திரையில் ஒரு பகுதியை இதே நொதி நச்சுப்பொருளாக மாற்றும். வழக்கமாகக் குளூட்டாதயோன் அதைப் பிடித்து ஒதுக்கிவிடும். அதிகம் குடிப்பவரிடம் நச்சு கூடுதலாக உருவாகிறது, பிடிக்க வேண்டியதோ குறைந்திருக்கிறது. ஆகவேதான் நாளுக்கு 4 கிராம் என்ற பொதுவான உச்சவரம்பை இவர்களுக்கு மருத்துவர்கள் 2 கிராமாகக் குறைக்கிறார்கள். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. சளி மருந்துகளுக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும்.

"நல்லா சாப்பிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது"

கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்க்குச் சிரோசிஸ் என்ற பெயரை 1819-ல் வைத்தவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லயெனெக். வெட்டிப் பார்த்த கல்லீரலின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். குடிப்பழக்கத்துக்கும் கல்லீரல் கெடுவதற்கும் தொடர்பு இருப்பது அதற்கு முன்பே மருத்துவர்களின் கண்ணில் பட்டிருந்தது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, குடிகாரர் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம், மது நேரடிக் குற்றவாளி அல்ல என்ற கருத்து ஓங்கியிருந்தது. லீபரின் குழு 1970-களில் பபூன் குரங்குகளுக்குச் சத்தான உணவோடு ஆல்கஹாலும் கொடுத்துப் பார்த்தது. கொழுப்புக் கல்லீரலும் வந்தது, சிலவற்றுக்குச் சிரோசிஸும் வந்தது. சத்துக் குறைவு நோயை மோசமாக்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல சாப்பாடு கல்லீரலுக்குக் கவசம் ஆகாது.

கெடுவதன் முதல் கட்டம் கொழுப்பு. நூறு கல்லீரல் செல்களில் ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அது ஃபேட்டி லிவர். நாளுக்கு 60 கிராமுக்கு மேல் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்கும். வலி இருக்காது. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி உணரும் நரம்பே கிடையாது. வெளியுறை இழுபட்டால் மட்டும் வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு கனம் தெரியும். சாதாரண அல்ட்ராசவுண்ட் கூடக் கொழுப்பு 20 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் நம்பகமாகக் காட்டும். இந்தக் கட்டத்தில் குடியை முழுதாக நிறுத்தினால் 2 முதல் 6 வாரங்களில் கொழுப்பு பெரும்பாலும் வடிந்துவிடும்.

அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவதில் குடலுக்கும் பங்கு உண்டு. மது குடலின் உட்சுவரில் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களின் ஓட்டுத் துணுக்குகள் கசிந்து, அதே போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்கு வருகின்றன. அங்கே காவல் நிற்கும் குப்ஃபர் செல்கள் கிருமி நுழைந்துவிட்டது என்று அபாயச் சங்கு ஊதும். வெள்ளணுக்கள் திரண்டு வரும், செல்கள் ஊதிப் பெருத்துச் சாகும். குடிக்கும் ஒவ்வொரு நாளும் இந்தப் பொய்ப் போர் நடக்கிறது.

போர் நடந்த இடத்தில் தழும்பு விழும். அதைப் போடுவது ஸ்டெல்லேட் செல் என்ற ஒரு வகை. நல்ல கல்லீரலில் இவை வைட்டமின் ஏ துளிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு சாதுவாக இருக்கும். அழற்சி தொடர்ந்தால் அந்தத் துளிகளை இழந்து, உருவம் மாறி, கொலாஜன் என்ற நாரைச் சுரக்கத் தொடங்கும். கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்கள் சல்லடைபோல ஓட்டையுள்ளவை. ரத்தத்தில் இருப்பது செல்லுக்கும், செல் தயாரித்தது ரத்தத்துக்கும் அந்த ஓட்டைகள் வழியேதான் போய்வரும். நார் படியப் படிய ஓட்டைகள் அடைபடும். ஒருபுறம் செல் பட்டினி கிடக்கும், மறுபுறம் ரத்தம் போக வழியில்லாமல் பின்னால் அழுத்தம் கூடும். தழும்புகள் ஒன்றோடொன்று கைகோத்து, உயிரோடிருக்கும் திசுவைச் சிறுசிறு முண்டுகளாகக் கட்டிவிட்டால் அதன் பெயர் சிரோசிஸ்.

பல ஆண்டுகள் அளவுமீறிக் குடிப்பவர்களிலும் சிரோசிஸ் வரை போவது பத்தில் ஒருவர் அல்லது இருவர்தான். "என் தாத்தா 85 வயது வரை குடித்தார்" என்ற வாதம் இந்தக் கணக்கில்தான் பிழைத்திருக்கிறது. யார் அந்த ஒருவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், எது பாரத்தை ஏற்றும் என்பது தெரியும். பெண்களுக்கு உடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால் அதே கிராம் ரத்தத்தில் அதிகச் செறிவாகிறது. குறைந்த அளவிலும் குறைந்த ஆண்டுகளிலும் அவர்களுக்குச் சேதம் வருகிறது. பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு வகையைப் பெற்றவர்களுக்கும் ஆபத்து கூடுதல். உடல் பருமன், சர்க்கரை நோய், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி தொற்று ஆகியவை வெறுமனே கூட்டிக்கொள்ளும் காரணிகள் அல்ல, மதுவோடு சேர்ந்தால் ஒன்றையொன்று பெருக்குபவை. தொப்பையும் சர்க்கரையும் இருப்பவர், தன்னைவிட ஒல்லியான நண்பரின் அளவோடு தன் அளவை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ரிப்போர்ட் நார்மல் என்றால்

பலரும் ஏமாறும் இடம் இதுதான். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் உடையும்போது ரத்தத்தில் சிந்துகின்றன. அவை சேதத்தின் வேகத்தைக் காட்டுமே தவிர, மிஞ்சியிருக்கும் கல்லீரல் எவ்வளவு என்பதைக் காட்டாது. முற்றிய சிரோசிஸில் இவை ஏறத்தாழ நார்மலாகக்கூட இருக்கும். எரிய விறகு குறைந்த அடுப்பில் புகை வராததுபோல.

மதுவால் வரும் சேதத்துக்கு ஒரு தனி முத்திரை உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்கு இருக்கும். இரண்டும் பெரும்பாலும் 400-ஐத் தாண்டாது. எஸ்.ஜி.பி.டி. தயாராவதற்கு வைட்டமின் பி6 அதிகம் வேண்டும், குடிப்பவரிடம் அது குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் வைரஸ், மருந்து நச்சு போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி உயர்வதும், ரத்தச் சிவப்பணுக்களின் அளவைக் குறிக்கும் எம்.சி.வி. 100-ஐத் தாண்டுவதும் கூடவே வரும் தடயங்கள்.

கல்லீரலின் உண்மையான வேலைத்திறனைச் சொல்பவை, அது தயாரிக்கும் புரதமான அல்புமின், காமாலையில் கூடும் மஞ்சள் நிறமியான பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இந்த மூன்றும். ஆனால் யாரும் கவனிக்காத ஒரு எண் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கிறது. பிளேட்லெட். போர்ட்டல் அழுத்தம் கூடினால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைத் தனக்குள் தேக்கிக்கொள்ளும். பல ஆண்டு குடியோடு பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே போயிருந்தால், மற்ற எல்லாம் நார்மலாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்க ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதலில் வந்ததை இதனால் வகுக்க வேண்டும். 48 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 90, எஸ்.ஜி.பி.டி. 40, பிளேட்லெட் 1,30,000 என்றால் விடை 5.3 அளவில் வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே போனால் அடுத்த பரிசோதனை அவசியம். சமீபத்தில் குடித்தவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருப்பதால் விடை பெரிதாகத் தெரியும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பைக் கிலோபாஸ்கலில் அளக்கிறது. 6-க்குக் கீழே நல்லது. 10-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு இருக்கலாம். மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எண் கூடிவிடும். அழற்சியும் எண்ணை ஏற்றும். ஆகவே குடித்துக்கொண்டிருக்கும்போது 14 வந்தவருக்கு, சில வாரங்கள் நிறுத்திய பின் கணிசமாக இறங்குவது உண்டு. முதல் எண்ணைப் பார்த்து "எல்லாம் முடிந்தது" என்று மறுபடி பாட்டிலைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள்.

அமைதி கலையும்போது

சிரோசிஸ் வந்தும் ஆண்டுக்கணக்கில் ஒருவர் வேலைக்குப் போய்வந்துகொண்டு இருக்கலாம். போர்ட்டல் சிரையின் அழுத்த வேறுபாடு வழக்கமாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐ எட்டும்போது தொல்லைகள் தொடங்குகின்றன. வயிற்றில் நீர் கோத்து மகோதரம் வருகிறது. வழி அடைபட்ட ரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகள் வழியே சுற்றிப் போக, அவை புடைத்து, 12-ஐத் தாண்டிய அழுத்தத்தில் வெடித்து ரத்த வாந்தியாக வரும். மலம் தார்போலக் கறுத்துப் போவதும் அதே ரத்தம்தான். இரண்டில் எதைக் கண்டாலும் அந்த நேரமே மருத்துவமனை. குடலில் உருவாகும் அம்மோனியா சுத்திகரிக்கப்படாமல் மூளைக்குப் போனால், முதலில் பகல் தூக்கமும் இரவு விழிப்பும், பிறகு கையெழுத்துக் கோணுவது, கை நீட்டினால் படபடவென அடித்துக்கொள்வது, குழப்பம், மயக்கம் என்று ஏறும். வீட்டில் இருப்பவர்கள் பல நேரம் "மறுபடி குடித்துவிட்டார்" என்று இதைத் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் நடக்கும் தவறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. மகோதரத்துக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள், உப்பைக் குறைக்க மாட்டார்கள். உப்புதான் முதல் எதிரி. ஒரு நாளுக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். ஊறுகாயும் பாக்கெட் தின்பண்டங்களும் அதற்குள் அடங்க வேண்டும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவார்கள், சிறுநீரகம் படுத்துவிடும். இவர்களுக்கு அளவோடு கொடுத்தால் பாராசிட்டமாலே பாதுகாப்பானது. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை கொடுப்பார்கள், குழப்பம் மயக்கமாக முற்றும். கல்லீரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்று பருப்பும் முட்டையும் நிறுத்துவார்கள். இது கைவிடப்பட்ட பழைய அறிவுரை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். சிரோசிஸ் கல்லீரலால் இரவு முழுவதற்கும் சர்க்கரையைச் சேமிக்க முடியாததால், விடிவதற்குள் உடல் தன் தசையையே தின்னத் தொடங்கும். படுக்கும்முன் ஒரு சிற்றுணவு வேண்டும் என்பது இதனால்தான். லாக்டுலோஸ் மருந்தை மலச்சிக்கல் இல்லை என்று நிறுத்துவதும் வாடிக்கை. அது அம்மோனியாவை வெளியேற்றுவதற்கு. நாளுக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாகப் போகும் அளவில் அதை வைத்திருக்க வேண்டும்.

படிப்படியாக வராமல் திடீரெனத் தாக்கும் வடிவமும் ஒன்று உண்டு. மது சார்ந்த கடும் கல்லீரல் அழற்சி. சில நாட்களில் கண் மஞ்சளாகி, காய்ச்சலும் பசியின்மையும் வயிற்று வீக்கமும் சேரும். உடல் முடியாமல் குடியை நிறுத்திய சில வாரங்களில்கூட வரும் என்பதால், "நிறுத்தியதால்தான் வந்தது" என்று ஒரு பேச்சு கிளம்பும். தீவிரத்தை அளக்க மேட்ரி மதிப்பெண் உண்டு. ரத்தம் உறைய ஆகும் புரோத்ராம்பின் நேரம் வழக்கத்தைவிட எத்தனை நொடி கூடியிருக்கிறதோ அதை 4.6 ஆல் பெருக்கி, பிலிருபினைக் கூட்ட வேண்டும். 32 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து கணிசம். தொற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 40 மில்லிகிராம் தொடங்கி, ஏழாம் நாள் பலன் இருக்கிறதா என்று கணக்கிட்டு, இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். காமாலை எல்லாம் ஒன்றுதான் என்று பச்சிலையும் பத்தியமுமாக வீட்டில் கழியும் இரண்டு வாரம், இந்த நோயில் திரும்பக் கிடைக்காத இரண்டு வாரம்.

நிறுத்துவது எப்படி, என்ன திரும்பும்

தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் வீட்டில் தானாக நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காண்பது என்று டெலிரியம் வரலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், காலையிலேயே கை நடுங்குபவர் ஆகியோர் மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். குளூக்கோஸ் ஏற்றும்முன் தயமின், அதாவது வைட்டமின் பி1, கொடுப்பது வழக்கம். அது வறண்ட மூளையில் சர்க்கரை மட்டும் ஏறினால் நிரந்தர மறதி நோய் வரை போகலாம். குடித்தால் குமட்ட வைக்கும் டைசல்ஃபிராம் கல்லீரல் கெட்டவர்களுக்கு உகந்ததல்ல. அதுவே கல்லீரலைத் தாக்கும். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது உயிரோடு விளையாடுவது. அகாம்ப்ரோசேட் கல்லீரலில் சிதைவதில்லை. பேக்லோஃபென், சிரோசிஸ் நோயாளிகளிடமே சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து, ஆனால் மயக்கக் குழப்பம் உள்ளவர்களுக்கு ஆகாது.

நிறுத்தியபின் கொழுப்பு வாரங்களில் போகும். ஜி.ஜி.டி. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே இறங்கும். தழும்பு கரைய ஆண்டுகள் ஆகும், முழுதாகக் கரையாமலும் போகலாம். ஆனால் மகோதரத்தோடு படுத்தவர்கள், குடியை அறவே விட்டபின் நீர் மாத்திரையே தேவைப்படாத நிலைக்குத் திரும்பியதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். "குறைத்துக்கொண்டேன்" என்பதற்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை. கல்லீரல் மாற்று அறுவைக்கு 6 மாதம் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. ஸ்டீராய்டுக்குப் பலனளிக்காத கடும் அழற்சி நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்து, காத்திருக்காமல் மாற்று அறுவை செய்தால் உயிர்பிழைப்பு பெரிதும் கூடுகிறது என்று 2011-ல் வெளிவந்த பிரெஞ்சு, பெல்ஜிய மையங்களின் ஆய்வு காட்டியபின் அந்த விதி தளர்ந்துவருகிறது.

குடியை விட்டு உடம்பு தேறி, ரிப்போர்ட்டெல்லாம் சரியாகிவிட்டவர்கள் விட்டுவிடும் ஒரு விஷயம் ஸ்கேன். சிரோசிஸ் ஒருமுறை வந்த கல்லீரலில் புற்றுநோய் வாய்ப்பு குறையுமே தவிர மறைவதில்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கட்டி 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்போதே பிடிபட வாய்ப்புண்டு. அந்த அளவில் அதை ஊசியால் சுட்டோ வெட்டியோ எடுக்கலாம்.